செப்புத் தகட்டில் பச்சையும் நீலமும்: மலையகத்தில் சுவர்க்கலை செய்யத் தொடங்குவோருக்கு

மலையகத்தில் செம்பைப் பச்சையாக்குவது பெரிய வித்தை இல்லை. வினாகிரியும் உப்பும் தெளித்து ஒரு மூலையில் வைத்தால், மீதியை நம்முடைய காற்றே செய்துவிடும். அந்தப் பச்சையை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும், நிறுத்தியதை வருடக்கணக்கில் சுவரில் அப்படியே வைத்திருப்பதும்தான் வேலை. யூடியூபில் கிடைக்கும் செய்முறைகள் பலவும் வறண்ட ஊர்க்காரர்கள் சொல்பவை. தகடு காய்ந்துவிடாமல் எப்படி ஈரமாக வைத்திருப்பது என்றே பாதி நேரம் பேசுவார்கள். நுவரெலியாவிலோ அட்டனிலோ இருப்பவருக்கு அந்தக் கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது நேரெதிரான பாடம்.

நான் இதை யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் என்றிருந்த பல்கலைக்கழகப் பீடமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. இடம் கிடைத்தால் போய்ப் படியுங்கள், வரைதலும் வடிவமைப்பும் ஒழுங்காகக் கைவரும். ஆனால் செம்பையும் உப்பையும் பழக அவை முன்நிபந்தனை அல்ல. ஒரு சதுர அடித் தகடு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, பழைய துணி, ஒரு கொப்பி. தொடங்க இவ்வளவு போதும்.

முதலில் பருவம் பாருங்கள்

பச்சை ஏற்றுவதற்கு ஒரு பருவம், அந்த நிறத்தை அடைக்கும் தெளிவான பூச்சான அரக்கைப் பூசுவதற்கு இன்னொரு பருவம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பக்கூடிய வெயில். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் மழை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் காய்ந்த காற்று அடிக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த மாதங்களை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. அட்டன் பக்கத்துத் திம்புள்ளைத் தேயிலைக்கும் பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கும் வாசம் கூடி ஏலத்தில் நல்ல விலை போகும் மாதங்கள் இவைதான். கொழுந்துக்கு வாசம் ஏறும் காலத்தில் நீங்கள் அரக்குப் பூசுங்கள். மழை மாதங்களில் தகடு பச்சையாகட்டும்.

குளிரும் ஒரு விஷயம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான். கண்டியில் ஒரு பகலில் வரும் நிறம் அங்கே வர இரண்டு நாள் பிடிக்கலாம். அவசரப்பட்டு மருந்தை, அதாவது நிறம் ஏற்றும் கலவையை, கூட்டாதீர்கள். பெட்டியை வெயில் படும் சுவரோரம் நகர்த்தி வையுங்கள்.

இடம் என்று பார்த்தால், காம்பராவுக்குள் இந்த வேலை கூடவே கூடாது. லயத்து அறைக்குக் காற்றோட்டம் போதாது, சமையலும் தூக்கமும் அங்கேதான். இஸ்தோப்பும் (முன் திண்ணையும்) வேண்டாம், பிள்ளைகள் விளையாடும் இடம் அது. வீட்டின் பின்பக்கம் கூரை மட்டும் போட்ட ஒரு சாய்ப்பு, நான்கு பக்கமும் திறந்து, கோழியும் பிள்ளைகளும் வராத மாதிரி அடைப்புடன் இருந்தால் சிறப்பு.

தகடு தேடுதல்

கொழும்பில் பழைய சோனகத் தெருப் பக்கத்து உலோகக் கடைகளில் புதுத் தகடு கேட்டுப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கண்டி–கொழும்பு வீதியில் பிலிமத்தலாவையிலும், குண்டசாலைக்கு அருகே நத்தரம்பொத்தையில் உள்ள கலாபுர கைவினைஞர் கிராமத்திலும் விசாரியுங்கள். பித்தளை, செம்பு, வெள்ளி வேலைகள் தலைமுறையாக நடக்கும் இடங்கள் அவை. “பாஸ்” என்று மரியாதையாகக் கூப்பிட்டு, அரைகுறைச் சிங்களத்தில் என்றாலும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று விளக்கினால், வெட்டி மிஞ்சிய துண்டுகளை நிறைக்குத் தரக்கூடும். சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்பதை நின்று பார்த்துவிட்டும் வரலாம்.

0.3 மி.மீ. தகடு கத்தரிக்கும் கைக்கும் இலகுவாக வளையும். ஒரு சதுர அடி ஏறத்தாழ 250 கிராம். 0.5 மி.மீ. என்றால் 415 கிராம் அளவில் வரும், விலையும் அதற்கேற்ப ஏறும். பழகுவதற்கு 0.3 போதும். இரண்டு அடிக்கு மேல் பெரிதாகச் செய்யும்போது மெல்லிய தகடு அலை அலையாக நெளியும். அப்போது 0.5க்குப் போங்கள்.

பழைய இரும்புக் கடையிலும் செம்பு கிடைக்கும். பழைய சுடுநீர்த் தாங்கி, ஓட்டை விழுந்த குடம், இடிதாங்கிப் பட்டை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, துண்டு எழுதி வாங்குங்கள். மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் திருட்டுப் போகும் நாட்டில், ரசீது இல்லாத செம்பு உங்களை வீணாகப் பொலிசுக்கு இழுக்கும். வயரைக் கொளுத்திச் செம்பெடுக்கும் வேலையும் வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் புகை விஷம்.

வாங்குமுன் காந்தம் ஒன்றை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது செம்புப் பூச்சுப் போட்ட இரும்பு. பின்பக்கத்தை ஆணியால் கீறிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. பித்தளையும் நிறம் பிடிக்கும், ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்லும் நேரக் கணக்கு அதற்குச் சரிவராது. அலங்காரத்துக்கென்று விற்கும் பளபளப்பான தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத அரக்கு இருக்கும். தின்னரால் துடைத்தெடுக்காவிட்டால் எந்த மருந்தும் ஏறாது.

கழுவுதல்

பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப்போகும் கட்டம் இது. கைரேகையின் எண்ணெய்ப் பசை ஒன்றே போதும், நாளைக்கு உங்கள் கட்டைவிரல் அடையாளம் நீலத்தின் நடுவே செம்பு நிறத்தில் நிற்கும்.

400 நம்பர் சாண்ட் பேப்பரால் ஒரே திசையில் தேயுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரம், பிறகு புளியும் உப்பும், பிறகு நிறையத் தண்ணீர். கடைசியில் தகட்டைச் சரித்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். எங்காவது துளித்துளியாகப் பிரிந்து நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். இதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடக்கூடாது, விளிம்பை மட்டும் பிடியுங்கள். வெட்டிய விளிம்பு பிளேடுக்குச் சமம். கழுவுவதற்கு முன்பே அரத்தால் மழுக்கிவிடுவது நல்லது.

சுத்தியலும் நெருப்பும்

தட்டையான தகட்டில் பச்சை ஏற்றினால் சாயம் பூசியது போலத்தான் இருக்கும். மேடும் பள்ளமும் இருந்தால் மருந்து பள்ளத்தில் தேங்கி அங்கே கடுமையாகவும், மேட்டில் மெலிதாகவும் பிடிக்கும். அதனால் முதலில் தகட்டுக்கு ஒரு முகம் கொடுங்கள். மணல் நிரப்பிய சாக்கின் மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டலாம். மடித்து, அழுத்தி, திரும்ப விரிக்கலாம். கருங்கல்லின் மேல் வைத்துத் தட்டினால் கல்லின் சொரசொரப்பே பதியும். தோட்டத்துக் கருங்கல் எதற்கும் குறைவில்லாமல் கிடைக்கிறதே!

தட்டத் தட்டச் செம்பு இறுகும். இன்னும் அடித்தால் வெடிக்கும். அப்போது மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். உருக்கு இப்படிச் செய்தால் இறுகும், செம்போ இளகிவிடும். செம்பு உருக 1,085 பாகை வேண்டும். மங்கல் சிவப்பு அதற்கு வெகு கீழே என்பதால் சிறு துண்டுகளுக்கு நல்ல விறகடுப்புக் கங்கே போதும். பெரிய துண்டுக்கு கேஸ் டோர்ச். ஒன்று மட்டும் கவனம்: கூரைத் தகரத்துண்டின் மேல் வைத்துச் சூடாக்காதீர்கள். அதன் நாகப் பூச்சு புகையாகி, மூச்சில் போனால் இரவில் காய்ச்சல் அடிக்கும். செங்கல்லின் மேல் வையுங்கள்.

நெருப்பே ஒரு நிறப்பெட்டிதான். சுத்தமான தகட்டின் அடிப்பக்கம் சுவாலையை ஓடவிட்டால் முதலில் ஆரஞ்சு, பிறகு கத்தரிப்பூ கலந்த சிவப்பு, பிறகு நீலம், அதன் பின் வெளிறிய பொன்னிறம் என்று வரிசையாக வரும். சாயம் எதுவும் அங்கே இல்லை. செம்பின் மேல் வளரும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்புக்கேற்ப ஒளி பிரிந்து தெரிவதுதான். அதனால் ஒரு விநாடி கூடினாலும் அடுத்த நிறத்துக்குத் தாவிவிடும், இன்னும் கூடினால் சாம்பல் கறுப்பு. விரும்பிய நிறத்துக்குச் சற்று முன்பே சுவாலையை எடுங்கள், தகட்டில் மிஞ்சிய சூடு மிச்சத்தைச் செய்யும். உப்பு மருந்து ஏறிய தகட்டை மட்டும் ஒருபோதும் சூடாக்காதீர்கள். நெருப்பு வேலை எப்போதும் முதலில், மருந்து வேலை அதற்குப் பிறகு.

மருந்து: மூன்று வழி போதும்

புத்தகங்களில் நூறு கலவை இருக்கும். தொடக்கக்காரருக்கு மூன்று. ஒவ்வொன்றையும் நன்றாகத் தெரிந்துகொண்டால், ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றியே பல வருடம் ஓட்டலாம்.

முதலாவது மரத்தூள் மூட்டை. தச்சுப்பட்டறையில் சவுக்கு மரத்தூள் சும்மாவே தருவார்கள். ஒரு கோப்பை வினாகிரிக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, தூளில் பிசறுங்கள். பதம் பிட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. பிளாஸ்டிக் பையில் அரை அங்குலம் தூள் பரப்பி, தகட்டை வைத்து, மேலேயும் மூடி, பையைக் கட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்து ஒரு மூலையை மட்டும் விலக்கிப் பாருங்கள். தூள் தொட்ட இடம் பச்சை, தொடாத இடம் பழுப்பு என்று திட்டுத்திட்டாக வந்திருக்கும். கையால் வரைய முடியாத அந்தத் திட்டுகள்தான் இந்த வழியின் பெறுமதி. பொடித்தூள் நெருக்கமான புள்ளி தரும், இழைப்புளிச் சுருள் நீண்ட கீற்று தரும்.

இரண்டாவது அமோனியாப் பெட்டி. ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் இதுதான். பெட்டியின் அடியில் வீட்டுச் சுத்திகரிப்புக்கு விற்கும் மென்மையான அமோனியாவை அரை அங்குலம் ஊற்றி, நடுவில் கண்ணாடிக் கோப்பைகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் தகட்டை வையுங்கள். தகடு திரவத்தைத் தொடக்கூடாது. வைக்குமுன் தகட்டில் உப்புத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி. எங்கே துளி நிற்கிறதோ அங்கே நீலம் பிறக்கும். மூடியை இறுக்கி, ஒரு மணித்தியாலம் கழித்து வெளியிலிருந்தே பாருங்கள். ஈரமாக இருக்கும்போது மயிலின் கழுத்து நிறம் காட்டும். அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், காயும்போது வெளிறிப் பச்சை கலந்த நீலமாகும்.

இறப்பர் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா கேகாலைப் பக்கம் யாரிடமாவது கிடைக்கும். அது பல மடங்கு கடுமையானது, வாங்காதீர்கள். எந்த அமோனியாவாக இருந்தாலும் பெட்டியைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று திறவுங்கள். துணி முகமூடி வாயுவைத் தடுக்காது. துணி வெளுக்கும் திரவம் (பிளீச்), குளோரின் எதையும் அமோனியாவுக்கோ வினாகிரிக்கோ பக்கத்தில் கொண்டுவராதீர்கள், கலந்தால் நச்சு வாயு. அந்தக் காலத்தில் அமோனியாவுக்குப் பதில் புளித்த மூத்திரத்தைப் பாவித்தார்கள். வேலை செய்யும்தான், ஆனால் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரருடன் உறவு முறிந்துவிடும்.

மூன்றாவது முட்டை. கடுமையாக அவித்த இரண்டு முட்டையைச் சூடாகவே மசித்து, தகட்டோடு ஒரே பைக்குள், ஒட்டாமல் தள்ளி வைத்து மூடுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு தகட்டைத் தேன் நிறம், பழுப்பு, கறுப்பு என்று படிப்படியாக இருளச் செய்யும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கந்தகமும் சுண்ணாம்பும் கொதிக்கவைத்து இதையே வேகமாகச் செய்வோர் உண்டு. அந்தக் கரைசலில் அமிலம் பட்டால் கிளம்பும் வாயு ஆளைச் சாய்க்கும். முட்டையே நல்லது.

இந்த மூன்றையும் சேர்க்கும் ஒழுங்கு முக்கியம். முட்டையால் இருளச் செய்து, மேடான இடங்களை பச்சை ஸ்பொஞ்சால் உரசி வெளிறச் செய்து, அதன் மேல் மரத்தூள் ஏற்றினால் பச்சைக்குப் பின்னால் ஆழம் தெரியும். வெறுஞ்செம்பின் மேல் நேரே ஏற்றிய பச்சை எப்போதும் தட்டையாகவே இருக்கும்.

மாதிரித் துண்டுகள்

பெரிய வேலைக்கு முன் இரண்டு அங்குலம் அகலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கலவை, ஒரு நேரம் என்று செய்து பாருங்கள். பின்பக்கத்தில் ஆணியால் இலக்கம் கீறி, கொப்பியில் கலவையும் மணியும் அன்றைய வானிலையும் எழுதுங்கள். மழையா, பனிமூட்டமா, காற்றா என்பதை விட்டுவிட்டால் அந்தக் குறிப்புக்குப் பெறுமதியே இல்லை. அதே கலவை ஜூலையில் ஹப்புத்தளையில் ஒன்றைத் தரும், நவம்பரில் வேறொன்றைத் தரும். இந்தத் துண்டுகளில் பாதியை அரக்குப் பூசியும் பாதியைப் பூசாமலும் வைத்திருங்கள்.

நிறுத்துதல்

விரும்பிய நிறத்துக்குக் கொஞ்சம் முன்பே தகட்டை எடுங்கள். தண்ணீரில், தேய்க்காமல், மெல்ல அமிழ்த்தி எடுங்கள். வினாகிரி தரும் பச்சையில் ஒரு பகுதி தண்ணீரில் கரையக்கூடியது, குழாயைத் திறந்துவிட்டால் பாதி போய்விடும். அடுத்து ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அதில் சில நிமிடம். இது மிஞ்சிய அமிலத்தை அடக்கும். பிறகு இன்னும் இரண்டு முறை சுத்தமான தண்ணீர். கடைசித் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருந்தால் கறை விழாது.

இவ்வளவு கழுவச் சொல்வதற்குக் காரணம் உப்பு. குளோரைட்டு செம்போடு சேர்ந்து உருவாகும் சேர்மங்களில் ஒன்று, காற்றின் சார்ஈரப்பதன் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தாண்டினாலே மறுபடி வேலை செய்யத் தொடங்கும். நூதனசாலைக்காரர்கள் பழைய வெண்கலச் சிலைகளில் பயப்படும் நோய் இதுதான். நம் ஊரில் ஈரப்பதன் அந்த எல்லைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே மலையகத்தில் உப்பு மிஞ்சிய தகடு தூங்குவதே இல்லை. ஆறு மாதம் கழித்து அரக்கின் அடியில் வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். கடல் உப்பைக் குறைத்து வினாகிரியைக் கூட்டுவதும், கழுவுவதில் கஞ்சத்தனம் பாராமலிருப்பதும்தான் மருந்து.

கழுவிய தகட்டைச் சாய்த்து நிறுத்திக் காயவிடுங்கள். படுக்கவைத்தால் தண்ணீர் தேங்கி வளையம் விழும். பிறகு ஒரு வாரம் சும்மா விடுங்கள். ஒன்றும் மாறவில்லையென்றால் அடைக்கலாம். நிறம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் மறுபடி சோடா, மறுபடி தண்ணீர், மறுபடி ஒரு வாரம்.

அரக்கா, மெழுகா?

பச்சைக்கும் நீலத்துக்கும் தெளிவான அக்ரிலிக் ஸ்ப்ரே. பழுப்புக்கும் கறுப்புக்கும் நெருப்பு நிறத்துக்கும் மெழுகு. இது என் தீர்ப்பு, வேறு விதமாகச் செய்வோரும் இருக்கிறார்கள். எதைப் பூசினாலும் பொடி போலிருந்த நிறம் இருண்டு ஆழமாகும். எவ்வளவு இருளும் என்று தெரிய ஒரு மூலையில் தண்ணீர் தொட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெரிவதுதான் ஏறத்தாழ இறுதி நிறம். வெளிர்நீலத்தை வெளிர்நீலமாகவே வைத்திருக்க ஆசைப்பட்டால், தேவைக்கு மேல் வெளிறிய நிலையில் தொடங்க வேண்டும்.

ஸ்ப்ரேயை மழைநாளில் அடித்தால் வெள்ளைப் புகை படர்ந்தது போல மங்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதுதான் காரணம். மூடுபனி எழும் பிற்பகலும் ஆகாது. காலை பத்து மணி தாண்டி, தகட்டை அரை மணித்தியாலம் வெயிலில் வைத்துக் கைக்குச் சூடு தெரிந்த பிறகு அடியுங்கள். முதற்பூச்சு தூரத்திலிருந்து தூவியது போல, பொடி பறக்காத அளவு. அது காய்ந்த பின் மெலிதாக இன்னும் இரண்டு, மூன்று. பின்பக்கத்துக்கும் ஒன்று. பின்பக்கம் யாரும் பார்ப்பதில்லை, ஆனால் ஈரம் அங்கிருந்துதான் ஏறும்.

மெழுகுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு டர்பன்டைன். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், அடுப்பை அணைத்த பிறகு டர்பன்டைனைச் சேருங்கள். இளஞ்சூடான தகட்டில் தடவி, ஆறியதும் துடைக்க வேண்டும்.

படம் அமைப்பது

சிவனொளிபாதமலையைச் செம்பில் வரைந்தால் ஒரு நினைவுப்பொருள் கிடைக்கும், அதற்கும் வாங்குவோர் உண்டு. தேயிலை இலையையும் பன்னத்தையும் ஈர உப்பின் மேல் வைத்து அச்செடுப்பதும் அப்படித்தான். அழகாக வரும், சீக்கிரம் விற்கும், மூன்றாவது தடவை உங்களுக்கே சலிக்கும்.

உருவமில்லாத படத்துக்குத் தொடக்கம் வேண்டுமென்றால் தோட்டத்தையே பாருங்கள், ஆனால் மேலிருந்து பாருங்கள். மலைச்சரிவில் கான் வெட்டிய கோடுகள், நிரைகள் வளையும் விதம், கவ்வாத்து வெட்டிய மலைக்கும் வெட்டாத மலைக்கும் இடையிலான பழுப்பு, பச்சை எல்லை. இந்தக் கோடுகளில் தகட்டை நீளநீளமாக வெட்டி, ஒவ்வொரு கீற்றுக்கும் வேறு மருந்து கொடுத்து, இடையே விரலளவு இடைவெளி விட்டு அடுக்கினால் மலை தெரியாது, மலையின் நடை தெரியும். ஒரு படத்தில் மூன்று குணத்துக்கு மேல் வேண்டாம்: ஒன்று பேசட்டும், ஒன்று துணை நிற்கட்டும், மூன்றாவது கொஞ்சமாக இருக்கட்டும். கீற்றுகளை ஒட்டுமுன் தரையில் பரப்பி ஒரு கிழமை விட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் தலைகீழாகப் பார்க்கட்டும். தலைகீழாகப் பார்த்துவிட்டு “இப்படியே இருக்கட்டும்” என்று பாட்டி சொன்னால் கேளுங்கள்.

பலகையும் சுவரும்

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை நம் ஈரத்தில் ஊதும். 12 மி.மீ. பிளைவூட், முடிந்தால் தண்ணீர் தாங்கும் ரகம், நான்கு ஓரமும் வார்னிஷ் அடித்தது. பின்னால் சவுக்குச் சட்டம். ஒட்டுவதற்கு சிலிக்கன் வாங்கும்போது மூக்கைப் பாவியுங்கள். வினாகிரி மணம் வரும் சிலிக்கன் இறுகும்போது அதே அமிலத்தைத்தான் விடுகிறது, தகட்டைப் பின்னாலிருந்து அரிக்கும். கடையில் ‘நியூட்ரல்’ ரகம் என்று கேளுங்கள். ஆணி அடிப்பதானால் பித்தளை அல்லது செம்பு. இரும்பாணி செம்பைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடித்து, சிவப்பு ஒழுக்கு பச்சையின் மேல் வழியும்.

இரண்டடிக்கு மூன்றடிப் படம், 0.5 மி.மீ. தகடும் பிளைவூட்டும் சேர்ந்து 6 கிலோவைத் தாண்டும். ஒற்றை ஆணியில் தொங்கவிடாதீர்கள். ஒரு மரச்சட்டத்தை நீளவாக்கில் 45 பாகை சரிவாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரில், மறுபாதியைப் படத்தின் பின்னால் பொருத்தினால் ஒன்று மற்றதில் கொழுவி நிற்கும். பழைய கல்லும் மண்ணும் கலந்த லயச் சுவரில் துளையிட்டால் மண் கொட்டிக்கொண்டே இருக்கும். கல்லைத் தேடி அதில் துளையுங்கள். படத்துக்கும் சுவருக்கும் இடையே விரலளவு காற்று போக இடம் விடுங்கள். சமையலறைச் சுவரும், மழைச்சாரல் அடிக்கும் சுவரும் வேண்டாம்.

கழுவிய தண்ணீர்

1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் வந்த பிறகு செம்பு கலந்த மருந்தைத் தேயிலைக்கு அடித்தவர்கள் நம் ஆட்கள். அதனால் செம்பு ஒரு நஞ்சு என்று யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் கானில் நீலத் தண்ணீரை ஊற்றினால் கீழே உள்ளவர்கள் குடிப்பார்கள், ஓடையில் மீன் சாகும். எல்லாக் கழுவல் தண்ணீரையும் ஒரு வாளியில் சேருங்கள். அதில் இரும்புக் கம்பளியைப் போட்டு ஓரிரு நாள் விட்டால், செம்பு இரும்பின் மேல் சிவப்பாகப் படிந்து, நீலம் வெளிறும். பிறகு அப்பச்சோடா போட்டு நுரை அடங்கும் வரை கலக்கி, வண்டல் அடங்கியதும், அகலப் பேசினில் வெயிலில் வற்றவையுங்கள். மிஞ்சும் வண்டலைப் போத்தலில் அடைத்து, மேலே எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் சேர்த்துவைக்கலாம். அமோனியாத் தண்ணீரை இந்த வாளியில் கலக்காமல் தனியாக வற்றவிடுங்கள்.

விற்பதானால்

எல்லவிலும் நுவரெலியாவிலும் தங்குமிடங்கள் சுவருக்கு ஏதாவது தேடிக்கொண்டே இருக்கின்றன. கொழும்பில் 1993 முதல் ஆனந்த குமாரசாமி மாவத்தையில் நடக்கும் கலா பொல திறந்தவெளிச் சந்தைக்கும் முயலுங்கள். அங்கே பெயர் தெரியாதவருக்கும் நடைபாதையில் இடம் உண்டு. விலை போடும்போது செம்பின் நிறை, பலகை, அரக்கு எல்லாம் கூட்டி, உங்கள் நாட்சம்பளத்தையும் சேருங்கள். காயவிட்ட நாட்களைக் கணக்கில் எடுக்காதீர்கள், அவை மழைக்குரியவை.

பொதி செய்யும்போது தகட்டின் மேல் நேரே பிளாஸ்டிக் சுற்றினால் உள்ளே வியர்த்து அச்சு விழும். முதலில் மெல்லிய தாள், பிறகு பழைய சீலை, பிறகு அட்டை. படத்தின் பின்னால் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்: உலர்ந்த துணியால் மட்டும் தூசி தட்டவும், பிராசோ, புளி, தேசிக்காய் எதுவும் போட வேண்டாம். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் முதல் நாள் வீட்டிலுள்ள எல்லாப் பித்தளை, செம்பையும் துலக்கிவைக்கும் ஆள் எந்த வீட்டிலும் ஒருவர் இருப்பார். வாங்குகிறவரிடம் அவரையும் கூப்பிட்டு ஒருமுறை நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.